பணியிட ஒழுங்கீனப் புகாரை முறைப்படி விசாரிப்பது எப்படி? முதன்முறை பொறுப்பேற்கும் மனிதவள அலுவலருக்கு ஒரு வழிகாட்டி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் மனிதவள அலுவலராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், செம்புக் கம்பிச் சுருள் ஒன்று வெளியே போய்விட்டதாக வந்த புகாரை விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மேற்பார்வையாளர் இருவரிடமும் காவலாளி ஒருவரிடமும் வாக்குமூலம் எழுதி வாங்கினேன். தொழிலாளியை என் அறைக்கு அழைத்து அவற்றைப் படித்துக் காட்டினேன். அவர் மறுத்தார், அந்த மறுப்பையும் எழுதிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் அறிக்கை கொடுத்தேன், பத்தாம் நாள் பணிநீக்க உத்தரவு போயிற்று. விரைவாக வேலையை முடித்ததாகப் பாராட்டும் கிடைத்தது.

நான்கு ஆண்டுகள் கழித்துத் தொழிலாளர் நீதிமன்றம், அது விசாரணையே அல்ல என்று முடிவு செய்தது. நிர்வாகம் தன் சாட்சிகளை நீதிமன்றத்திலேயே நிறுத்திக் குற்றச்சாட்டை நிரூபிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் அதற்குள் காவலாளி வேலையை விட்டுச் சொந்த ஊர் போயிருந்தார், கேமரா பதிவு அழிந்திருந்தது. தொழிலாளியை மீண்டும் பணியில் சேர்த்துப் பாதிச் சம்பளப் பாக்கியையும் கொடுக்க உத்தரவாயிற்று. மாதம் 16,000 ரூபாய் வாங்கியவருக்கு நான்கு ஆண்டுக் கணக்கில் அது 3,84,000 ரூபாய் வந்தது. பணத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று: அந்தச் சுருளை அவர் எடுத்தாரா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. எடுக்கவில்லை என்றால், நான்கு ஆண்டுகள் அவர் குடும்பம் பட்ட பாட்டுக்கு என் கையெழுத்துதான் காரணம்.

அதன்பின் ஒவ்வொரு கட்டத்தையும் கேட்டும் படித்தும் தவறியும் கற்றுக்கொண்டதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். இது சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தனியார் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் உரியது. அரசு ஊழியர்களுக்குத் தனி விதிகள் உண்டு.

1. எந்த விதியின் கீழ் வருகிறார் என்று முதலில் பாருங்கள்

புகாரைக் கையில் எடுத்தவுடன் அந்த ஊழியரின் நியமன ஆணையையும், நிறுவனத்தின் சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளையும் (பணி நிபந்தனைகளை வகுத்து, அதற்குரிய அரசு அலுவலர் சான்றளித்த விதிகள்), நிலையாணைகள் இல்லாவிட்டால் பணி விதிகளையும் எடுத்து மேசையில் வையுங்கள். ஒழுங்கீனம் என்று எவையெவை வரையறுக்கப்பட்டுள்ளன, தண்டனை விதிக்கும் அதிகாரம் யாருக்கு, விளக்கம் தர எத்தனை நாள், துணைக்கு யாரை அழைத்து வரலாம் என்பவை அதில்தான் இருக்கும். 1946 ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம், 1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் ஆகியவற்றின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி நிலையாணைகள் கட்டாயம் ஆவது 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடங்களில். உங்களிடம் 80 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் விசாரணையே தேவையில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். ஒருவரைக் குற்றஞ்சாட்டி வேலையை விட்டு அனுப்புவதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற இயற்கை நீதி, ஆள்கணக்கைப் பார்ப்பதில்லை.

கடை, அலுவலகம், மென்பொருள் நிறுவனம் போன்றவற்றுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இன் 41 ஆவது பிரிவு முக்கியமானது. ஆறு மாதத்திற்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றிய ஒருவரைத் தக்க காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமலும் நீக்க முடியாது. முன்னறிவிப்போ ஈட்டுச் சம்பளமோ தேவைப்படாத ஒரே சூழல், அதற்கென நடத்தப்பட்ட விசாரணையில் பதிவான போதிய சாட்சியத்தால் ஒழுங்கீனம் நிலைநாட்டப்படும்போதுதான். எனவே கிண்டியிலோ தரமணியிலோ கண்ணாடிக் கட்டடத்தில் இயங்கும் அலுவலகம் என்பதால் ஒரு மின்னஞ்சலோடு வேலை முடிந்துவிடாது.

புகார் பாலியல் துன்புறுத்தல் பற்றியது என்றால் இந்தக் கட்டுரையின் பாதையில் போகாதீர்கள். 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாத ஒவ்வோர் இடத்திலும் இருக்க வேண்டிய உள்ளகக் குழுவிடம் அது போக வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்திற்குள் புகார், 90 நாளில் விசாரணை முடிவு, முடிந்த 10 நாளில் அறிக்கை, 60 நாளில் நடவடிக்கை என்று அதற்குத் தனிக் காலவரிசை உண்டு. மேலதிகாரி ஒருவர் "முதலில் நீங்கள் பேசிப் பாருங்கள்" என்று உங்களிடம் தள்ளினாலும் ஏற்காதீர்கள்.

2. முதல் இரண்டு நாளில் சான்றுகளைக் காப்பாற்றுங்கள்

யார் செய்தார் என்ற கேள்விக்குப் போவதற்கு முன், அழிந்து போகக்கூடியவற்றை எடுத்து வைப்பதுதான் முதல் வேலை. சிசிடிவி பெட்டியில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். பல தொழிற்சாலைகளில் 15 முதல் 30 நாளுக்குள் பழையது போய்விடுகிறது. அன்றே, சம்பவ நேரத்துக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் சேர்த்து, இரண்டு பிரதிகள் எடுக்கச் சொல்லுங்கள். வேண்டிய அரை நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்தால், மீதியில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. எடுத்தவர் யார், எந்தக் கருவியிலிருந்து, எந்தத் தேதி, எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதி அவரிடமும் இரு சாட்சிகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். வழக்கு நீதிமன்றம் போனால் பாரதிய சாட்சிய சட்டம், 2023 இன் 63 ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். அதை அப்போது தேடுவதைவிட இப்போதே வாங்கி வைப்பது எளிது.

அடுத்து வாயில் பதிவேடு, கேட் பாஸ் புத்தகம், கைரேகை வருகைப் பதிவு, ஷிப்டு அட்டவணை, சரக்கு இருப்புப் புத்தகம், எடைச்சீட்டு. மூலப் புத்தகத்தைப் பூட்டி வைத்துவிட்டு நகல்களில் வேலை செய்யுங்கள். பொருள் கைப்பற்றப்பட்டிருந்தால் அந்த இடத்திலேயே மகஜர் (கைப்பற்றியதைச் சாட்சிகள் முன்னிலையில் பதிவு செய்யும் குறிப்பு) எழுதி, எண்ணிக்கை, எடை, அடையாளக் குறி ஆகியவற்றைக் குறித்து, சம்பந்தப்பட்டவரிடமும் கையெழுத்துக் கேளுங்கள். அவர் மறுத்தால் "கையெழுத்திட மறுத்தார்" என்று சாட்சிகள் முன்னிலையில் எழுதினால் போதும்.

ஊழியரைப் பாதுகாப்பு அறையில் மணிக்கணக்கில் உட்கார வைத்து, "எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம்" என்று மன்னிப்புக் கடிதம் வாங்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். அது அவருக்கு இழைக்கும் அநீதி. மிரட்டி வாங்கியது என்று அவர் சொன்னவுடன் அந்தத் தாளோடு சேர்ந்து உங்கள் மற்றச் சான்றுகளின் நம்பகத்தன்மையும் கரைந்துவிடும்.

3. பூர்வாங்க விசாரணையையும் முறையான விசாரணையையும் கலக்காதீர்கள்

நான் செய்த தவறின் வேர் இதுதான். குற்றச்சாட்டு சுமத்தும் அளவுக்கு விஷயம் இருக்கிறதா என்று நிர்வாகம் தனக்குத்தானே தெரிந்துகொள்வது பூர்வாங்க விசாரணை. அதில் சம்பவத்தைப் பார்த்தவர்களிடம் பேசலாம், எழுதி வாங்கலாம், குற்றஞ்சாட்டப்பட இருப்பவர் அங்கே இருக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வாங்கிய தாள் எதுவும் தானாகச் சாட்சியம் ஆகிவிடாது. அந்தத் தாளை எழுதியவர் பிறகு முறையான விசாரணைக்கு வந்து, ஊழியர் முன்னிலையில் சொல்லி, அவருடைய குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் அதற்கு மதிப்பு. காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கைக்கும் இதே நிலைதான். அதை இணைத்துவிட்டதால் எதுவும் நிரூபணம் ஆகிவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2009 இல் ரூப் சிங் நேகி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பூர்வாங்க விசாரணைக்கு ஒரு வாரம் போதும். பேசுபவர்களைத் தனித்தனியாகச் சந்தியுங்கள், "அவன் எடுத்ததைப் பார்த்தீர்களா?" என்று கேட்காமல் "அன்று இரவு என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். மூன்று பேரின் வாக்குமூலமும் ஒரே வாக்கியங்களில் இருந்தால், எழுதியவர் நீங்கள்தான் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். புகார் கொடுத்தவருக்கும் குற்றஞ்சாட்டப்படுபவருக்கும் இடையே கடன், சங்கத் தேர்தல், பழைய சண்டை என்று ஏதாவது உண்டா என்றும் விசாரித்து வையுங்கள். விஷயம் இல்லை என்று தெரிந்தால் இந்தக் கட்டத்திலேயே கோப்பை மூடி, மூடிய காரணத்தை அரைப்பக்கம் எழுதிவிடுங்கள்.

4. பணியிடை நீக்கம்: தேவையா, எவ்வளவு செலவாகும்?

எல்லாப் புகாருக்கும் இடைநீக்கம் தேவையில்லை. அவர் உள்ளே இருந்தால் சாட்சிகளை மிரட்டுவார், ஆவணங்களைக் கலைப்பார், அல்லது அடிதடி மூளும் என்ற நிலை இருந்தால் மட்டும் செய்யுங்கள். உத்தரவில் "விசாரணை முடியும் வரை" என்ற சொற்கள் இருக்கட்டும். தண்டனை என்ற தொனி வேண்டாம்.

இடைநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம் கட்டாயம். தமிழ்நாட்டில் 1981 ஆம் ஆண்டின் பிழைப்பூதியச் சட்டம் முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 விழுக்காடு, 91 ஆம் நாளிலிருந்து 180 ஆம் நாள் வரை 75 விழுக்காடு, அதற்கு மேல் முழுச் சம்பளம் என்று வகுத்திருக்கிறது. மாதம் 24,000 ரூபாய் வாங்குபவர் என்றால் முதல் மூன்று மாதத்திற்கு 36,000, அடுத்த மூன்று மாதத்திற்கு 54,000, பிறகு மாதம் 24,000. விசாரணையை இழுப்பது யார் தவறு என்ற கேள்வி எழும்போது, அமர்வுகளை ஒத்திவைத்த காரணத்தை ஒவ்வொரு முறையும் பதிவு செய்திருந்தால்தான் உங்களால் பதில் சொல்ல முடியும்.

இந்தத் தொகையைச் சம்பளத் தேதியிலேயே செலுத்துங்கள். பிழைப்பூதியம் கொடுக்காமல் நிறுத்தி, அதனால் ஊழியர் விசாரணைக்கு வர முடியாமல் போனால், விசாரணையே செல்லாமல் போகலாம். 1999 இல் கேப்டன் பால் அந்தோணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னவற்றில் இதுவும் ஒன்று. எங்கள் கணக்குப் பிரிவு ஒருமுறை "வருகை இல்லாததால்" என்று மென்பொருளில் தானாக நிறுத்திவிட்டது. ஆகவே உத்தரவு போட்ட அன்றே கணக்குப் பிரிவுக்குத் தனிக் குறிப்பு அனுப்பி, முதல் மாதம் பணம் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே பாருங்கள்.

புதிய தொகுப்புச் சட்டத்தின் 38 ஆவது பிரிவு, இடைநீக்கம் செய்த நாளிலிருந்து சாதாரணமாக 90 நாளுக்குள் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. நான் பின்பற்றும் கணக்கு இது: 10 ஆம் நாளுக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, 20 ஆம் நாளுக்குள் விளக்கம், 30 ஆம் நாளுக்குள் முதல் அமர்வு, 60 ஆம் நாளுக்குள் இரு தரப்புச் சாட்சியமும், 70 ஆம் நாளில் அறிக்கை, மீதி 20 நாள் இரண்டாவது விளக்கத்திற்கும் முடிவுக்கும்.

5. குற்றச்சாட்டுக் குறிப்பாணை: இதில் அவசரப்படாதீர்கள்

மொத்த விசாரணையும் இந்த ஒரு தாளின் மேல்தான் நிற்கிறது. இதில் இல்லாத குற்றத்தை அறிக்கையில் நிரூபிக்க முடியாது. "நீங்கள் நிறுவனத்தின் நலனுக்கு எதிராக நடந்துகொண்டு நம்பிக்கைத் துரோகம் செய்தீர்கள்" என்று எழுதினால், படிப்பவருக்கு எதற்குப் பதில் சொல்வது என்றே தெரியாது. நாள், நேரம், இடம், செயல், பொருள், பார்த்தவர், மீறிய நிலையாணையின் எண் ஆகிய ஏழும் இருக்க வேண்டும். இப்படி எழுதுங்கள்: "12 ஆம் தேதி இரவு ஷிப்டில் பணியிலிருந்த தாங்கள், அதிகாலை சுமார் 4.40 மணிக்கு இரண்டாம் எண் கிடங்கின் பின்வாயில் வழியாக, தலா 6 கிலோ எடையுள்ள செம்புக் கம்பிச் சுருள் இரண்டை, கேட் பாஸ் இன்றி வெளியே எடுத்துச் சென்றதாகப் புகார் வந்துள்ளது (பார்த்ததாகச் சொல்பவர்: காவலாளி இன்னார்). இது நிரூபிக்கப்பட்டால் நிலையாணையின் இன்ன பிரிவின் கீழ் ஒழுங்கீனமாகும்."

"எடுத்துச் சென்றதாகப் புகார்", "நிரூபிக்கப்பட்டால்" என்ற சொற்களைக் கவனியுங்கள். "தாங்கள் திருடியுள்ளீர்கள், ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது?" என்று முதல் தாளிலேயே கேட்டுவிட்டால், முடிவு செய்துவிட்டுத்தான் விசாரணை நடத்தினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நீங்களே சான்று எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

நீங்கள் நம்பியிருக்கும் ஆவணங்களின் பட்டியலையும் நகல்களையும் சாட்சிகளின் பெயர்களையும் கூடவே கொடுங்கள். கேமரா பதிவைப் பார்க்க ஒரு நேரம் குறித்துக் கொடுங்கள். பழைய எச்சரிக்கைக் கடிதங்களைத் தண்டனைக்காகக் கணக்கில் எடுக்க நினைத்தால், அதையும் முன்கூட்டியே அவருக்குத் தெரிவியுங்கள். விளக்கம் தர 7 நாள் கொடுங்கள்; கூடுதலாகக் கேட்டால் ஒருமுறை தாருங்கள்.

மொழி விஷயம் சென்னையில் மிகவும் முக்கியம். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒடிசா, பீகார், அசாம் மாநிலத் தொழிலாளர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரருக்குத் தமிழிலும், மற்றவர்களுக்கு அவர்கள் படிக்கும் மொழியிலும் குறிப்பாணை போக வேண்டும். அவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் நான்கு பக்கம் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குவது கொடுத்ததாகவே ஆகாது.

6. சார்பு செய்தல்: குறிப்பாணையை ஊழியர் கையில் சேர்ப்பது

நேரில் கொடுத்து நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குவதே சிறந்தது. வாங்க மறுத்தால், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அதைப் பதிவு செய்துவிட்டு அஞ்சலில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025 இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவுத் தபாலில் பதிவு வசதியையும் விநியோகச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். நிறுவனப் பதிவேட்டில் உள்ள இரண்டு முகவரிக்கும், அதாவது சென்னையில் தங்கியிருக்கும் முகவரிக்கும் சொந்த ஊர் முகவரிக்கும், தனித்தனியாக அனுப்புங்கள். திரும்பி வந்த உறையைக் கிழித்துப் பார்க்காதீர்கள். மூடிய நிலையிலேயே கோப்பில் இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்தியைக் கூடுதலாக அனுப்பலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

7. விசாரணை அதிகாரியைத் தேர்ந்தெடுப்பது

புகார் கொடுத்தவர், சாட்சி, பூர்வாங்க விசாரணை செய்தவர், குறிப்பாணையில் கையெழுத்திட்டவர், தண்டனை விதிக்கப் போகிறவர் ஆகிய யாரும் விசாரணை அதிகாரியாக இருக்க வேண்டாம். சிறிய நிறுவனத்தில் இப்படி எல்லோரையும் விலக்கினால் ஆள் மிஞ்சாது. அதனால்தான் வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரையோ ஓய்வுபெற்ற பணியாளர் நல அலுவலரையோ வைக்கிறார்கள். கடைசியாக நான் ஏற்பாடு செய்த விசாரணையில் அதிகாரிக்கு ஓர் அமர்வுக்கு 5,000 ரூபாய், தட்டச்சருக்கு 1,000 ரூபாய். ஏழு அமர்வுக்கு 42,000 ரூபாய் ஆயிற்று. அதிகம் என்று நிர்வாகம் முகம் சுளித்தபோது, நான் மேலே சொன்ன 3,84,000 ரூபாய்க் கணக்கைக் காட்டினேன்.

நிர்வாகத் தரப்பை எடுத்துச் சொல்ல வேறொருவரை நியமியுங்கள். விசாரணை அதிகாரியே நிர்வாகத்துக்காகக் கேள்விகளை அடுக்கினால் அவர் நடுநிலையாளர் அல்ல. ஊழியருக்கு உடன் பணியாற்றும் ஒருவரையோ, நிலையாணை அனுமதித்தால் சங்கப் பொறுப்பாளரையோ துணைக்கு அழைத்து வர உரிமை உண்டு. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை பொதுவாக இல்லை. ஆனால் நிர்வாகம் சட்டம் படித்த ஒருவரைத் தன் பிரதிநிதியாக நிறுத்திவிட்டு ஊழியருக்கு அதை மறுப்பது நியாயமாகாது என்று பம்பாய்த் துறைமுக அறங்காவலர் குழு சம்பந்தப்பட்ட நட்கர்ணி வழக்கில் 1983 இல் தீர்ப்பாகியுள்ளது. ஆகவே உங்கள் பிரதிநிதி ஒரு மேற்பார்வையாளராகவே இருக்கட்டும்.

8. அமர்வுகளை நடத்துவது

சுர் எனாமல் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963 இல் ஐந்து தேவைகளைச் சொன்னது: ஊழியருக்குக் குற்றச்சாட்டு தெளிவாகத் தெரிவிக்கப்பட வேண்டும், சாட்சிகள் சாதாரணமாக அவர் முன்னிலையில் விசாரிக்கப்பட வேண்டும், அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு வாய்ப்பு வேண்டும், தன் பக்கச் சாட்சிகளையும், விரும்பினால் தன்னையும் விசாரிக்க வாய்ப்பு வேண்டும், அதிகாரி காரணங்களுடன் முடிவை எழுத வேண்டும். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி விசாரணை அறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறேன். என் பழைய விசாரணையில் இரண்டாவதும் மூன்றாவதும் நான்காவதும் இல்லை.

விசாரணை அறிவிப்பைக் குறைந்தது 7 நாள் முன்னதாகக் கொடுங்கள். இரவு ஷிப்டு முடித்தவரைக் காலை பத்து மணிக்கு உட்கார வைக்காதீர்கள். பொங்கல் வாரத்தில் தேதி வைத்தால் ஒத்திவைப்புதான் மிஞ்சும். நவம்பர், டிசம்பரில் கனமழையால் ஓர் அமர்வு போகும் என்று முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். இடைநீக்கத்தில் இருப்பவருக்கு வாயிலில் தடை இருக்கும்; அமர்வு நாளில் உள்ளே விடும்படி பாதுகாப்புப் பிரிவுக்கு எழுத்தில் சொல்லுங்கள். வாயிலில் திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே "வரவில்லை" என்று எழுதிய கொடுமையை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் அமர்வில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, விசாரணை எப்படி நடக்கும் என்று அவருக்குப் புரியும்படி விளக்கி, ஒப்புக்கொள்கிறாரா, மறுக்கிறாரா, துணை வேண்டுமா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பிறகு நிர்வாகத் தரப்புச் சாட்சிகள் ஒவ்வொருவராக வருவார்கள். ஒருவர் பேசும்போது அடுத்தவர் வெளியே இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆவணமும் அதை எழுதியவர் அல்லது பராமரிப்பவர் வழியாக வந்து எண்ணிடப்பட வேண்டும். "குறுக்கு விசாரணை செய்ய விரும்புகிறீர்களா?" என்று ஒவ்வொரு சாட்சிக்குப் பின்னும் கேட்டு, "இல்லை" என்றாலும் அந்த "இல்லை"யை எழுத வேண்டும். கடைசியில் ஊழியர் தன் தரப்பைச் சொல்லவும் சாட்சிகளை அழைக்கவும் நேரம் கொடுக்க வேண்டும். அவர் கேட்கும் சாட்சி நம் ஊழியராக இருந்தால், அன்று அவருக்குப் பணி விடுப்பும் சம்பளமும் கொடுத்து அனுப்புவது நம் கடமை.

நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே தட்டச்சு செய்து, படித்துக் காட்டி, எல்லோரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டபின் ஒரு நகலை ஊழியரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள். நாளை அனுப்புகிறோம் என்று சொல்லும் நகல் பல நேரம் போவதே இல்லை.

அவர் வரவில்லை என்றால் உடனே ஒருதரப்பாக முடித்துவிடாதீர்கள். காரணம் கேட்டு அடுத்த தேதியை எழுத்தில் அனுப்புங்கள். மருத்துவச் சான்று வந்தால் ஒத்திவையுங்கள். இரண்டு மூன்று வாய்ப்புக்குப் பின்னும் வராவிட்டால், ஒருதரப்பாக நடத்தப்படும் என்று முன்னறிவித்துத் தொடருங்கள். அப்போதும் சாட்சிகளை முழுமையாக விசாரித்தே ஆக வேண்டும்; ஆள் வரவில்லை என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது.

காவல் துறையில் புகார் கொடுத்திருந்தாலும் உள்விசாரணையை நடத்தத் தடை பொதுவாக இல்லை. இரண்டும் ஒரே சம்பவத்தின் மேல் நின்று, சட்டச் சிக்கல் நிறைந்ததாகவும் கடுமையானதாகவும் இருந்தால் ஊழியர் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். அப்போது வழக்கறிஞரைக் கேட்டு முடிவெடுங்கள்.

9. அறிக்கை

விசாரணை அதிகாரி ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியாக எடுத்து, அதற்கு ஆதரவாக வந்த சாட்சியம், எதிராக வந்த சாட்சியம், எதை ஏன் நம்புகிறார் என்று எழுத வேண்டும். குற்றவியல் வழக்கைப் போல ஐயத்திற்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற அளவுகோல் போதும். ஆனால் ஊகம் போதாது. தண்டனை என்ன என்று அறிக்கையில் பரிந்துரைக்க வேண்டாம். அது தண்டனை அதிகாரியின் வேலை. அறிக்கை நிர்வாகத்தின் விருப்பத்துக்கு மாறாக, "நிரூபிக்கப்படவில்லை" என்று வந்தால் திருத்தி எழுதச் சொல்லாதீர்கள். உடன்படாவிட்டால், ஏன் உடன்படவில்லை என்ற காரணங்களை எழுதி ஊழியருக்குக் கொடுத்து, அவர் பதிலைக் கேட்டபின்தான் தண்டனை அதிகாரி மாற்றி முடிவெடுக்க முடியும்.

10. இரண்டாவது விளக்கமும் தண்டனையும்

அறிக்கையின் நகலை ஊழியருக்குக் கொடுத்து அவர் கருத்தைக் கேட்பது பலர் தாண்டிப் போகும் படி. 1993 இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இது தனியார் நிறுவனம் உட்பட எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று கூறிவிட்டது. அறிக்கையோடு உத்தேசத் தண்டனையையும் சொல்லி 7 முதல் 10 நாள் கொடுங்கள்; வந்த பதிலைத் தண்டனை அதிகாரி படித்தார் என்பது உத்தரவில் தெரிய வேண்டும். "விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை" என்ற ஒற்றை வரி போதாது.

தண்டனையை முடிவு செய்யும்போது குற்றத்தின் தன்மை, பணிக்காலம், பழைய பதிவு, தணிக்கும் சூழல்கள் ஆகியவற்றைப் பாருங்கள். 22 ஆண்டுகள் குறையில்லாமல் வேலை செய்தவர் ஒருநாள் ஆத்திரத்தில் பேசிய சொல்லுக்குப் பணிநீக்கம் என்றால், தண்டனை மிகை என்று நீதிமன்றம் குறைத்துவிடும். அந்த அதிகாரம் 1971 முதல் தொழிலாளர் நீதிமன்றங்களுக்கு உண்டு. அதே குற்றத்திற்கு முன்பு வேறொருவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதையும் தேடிப் பாருங்கள். எதிர்த்தரப்பு நிச்சயம் தேடும்.

11. உத்தரவுக்குப் பின்

உத்தரவு போடுவதற்கு முன், உங்கள் நிறுவனத்தில் போனஸ், சம்பள உயர்வு என்று ஏதாவது தகராறு சமரச அலுவலரிடமோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பணிநீக்கத்தோடு ஒரு மாதச் சம்பளத்தையும் கொடுத்து, அந்த அதிகாரியிடமே ஒப்புதல் மனுவும் போட வேண்டியிருக்கும். அதைச் செய்யாமல் போட்ட உத்தரவு செல்லாது என்று 2002 இல் ஓர் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது. தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையரகத்தில் ஆள் விட்டுக் கேட்பதைவிட, உங்கள் சங்கப் பொறுப்பாளரிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டாலே விவரம் தெரியும்.

வேலை செய்த நாளின் சம்பளப் பாக்கியை நீக்கிய இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். வருங்கால வைப்பு நிதியைத் தடுத்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. பணிக்கொடையைப் பிடித்தம் செய்ய நினைத்தால் அதற்குத் தனி நோட்டீஸ், தனிக் காரணம், தனி உத்தரவு வேண்டும். பணிநீக்கத்தோடு அது தானாகப் போய்விடாது.

கோப்பை அன்றே கட்டுங்கள். புகார், மகஜர், கேமரா பதிவின் இரண்டு பிரதியும் சான்றிதழும், குறிப்பாணை, சார்பு செய்த சான்றுகள், விளக்கம், அதிகாரி நியமனக் கடிதம், ஒவ்வோர் அமர்வின் அறிவிப்பும் குறிப்பும், எண்ணிட்ட ஆவணங்கள், அறிக்கை, இரண்டாவது விளக்கம், உத்தரவு, பிழைப்பூதியம் செலுத்திய வங்கி விவரம் என்ற வரிசையில் பக்க எண் போட்டு, அட்டவணை எழுதி, ஒரு முழு நகலை வேறு அறையில் வையுங்கள். சாட்சி ஒவ்வொருவரின் சொந்த ஊர் முகவரியையும், அங்கே எடுத்துப் பேசக்கூடிய உறவினர் ஒருவரின் கைபேசி எண்ணையும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் காவலாளியைத் தேடிப் போனவர்களுக்கு அவருடைய ஊர்ப்பெயர்கூடக் கிடைக்கவில்லை.